எமிட் செய்துவிட்டால் போதுமா?

ஸ்மார்ட் கான்ட்ராக்டுக்கு உதாரணம் தேடிக் காவிரி டெல்டாக்காரர்கள் அலைய வேண்டியதில்லை. ஊருக்கு ஊர் நெல் கொள்முதல் நிலையம் இருக்கிறது. 40 கிலோ சிப்பம், ஈரப்பத வரம்பு, விவசாயிக்குப் பணம். இதை ஸ்மார்ட் கான்ட்ராக்ட் மொழியான சாலிடிட்டியில் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். தமிழக அரசு 2020இலேயே பிளாக்செயினுக்குக் கொள்கை வெளியிட்டுவிட்டது, நாம் எழுதிப் பார்ப்பதில் தப்பில்லை.

முதல் நம்பிக்கை: "வரவை ஈவென்ட்டாக எமிட் செய்துவிட்டேன், இனி கான்ட்ராக்டுக்கு அது தெரியும்." தெரியாது. ஈவென்ட் போய்ச் சேருவது பரிவர்த்தனை ரசீதின் லாக்கில். வெளியே உள்ள கணக்கு மென்பொருள் அதைப் படிக்கலாம். எழுதிய கான்ட்ராக்டே திரும்பப் படிக்க வழியில்லை. நிலையத்தில் விவசாயிக்குத் தரும் ஒரே டோக்கனுக்கு இரண்டு முறை பணம் போகாமல் தடுக்க வேண்டுமானால் அந்த டோக்கன் எண்ணை ஸ்டோரேஜில்தான் வைத்தாக வேண்டும். லாக்கின் மலிவுதான் இங்கே ஆளை மயக்குகிறது: எத்தீரியத்தில் அடிப்படை 375 கேஸ் (கட்டண அலகு), ஒவ்வொரு டாபிக்குக்கும் இன்னொரு 375, பைட்டுக்கு 8. ஸ்டோரேஜில் புதிய இடம் பிடிக்க 20,000க்கு மேல்.

இதைவிட மோசமானது இன்னொன்று. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிய நெல்லுக்கு "நிராகரிப்பு" என்று எமிட் செய்துவிட்டு, அடுத்த வரியில் ரிவர்ட் போடுகிறார்கள். ரிவர்ட் ஆனால் ஈவென்ட்டும் சேர்ந்தே அழியும். திருப்பி அனுப்பப்பட்ட மூட்டைக்குத்தானே சாட்சி வேண்டும்? ரிவர்ட் செய்யாமல், நிராகரிப்பைப் பதிந்துவிட்டுத் திரும்புவதுதான் சரி.

இன்டெக்ஸ்டு போட்டால் எல்லாவற்றையும் தேடலாம் என்பதும் அரை உண்மை. சாதாரண ஈவென்ட்டில் மூன்று புலங்களுக்குத்தான் இடம். ஊர்ப் பெயரை இன்டெக்ஸ்டு ஸ்டிரிங்காகக் கொடுத்தால் அதன் ஹாஷ்தான் மிஞ்சும். திருவையாறு என்று தேடலாம். லாக்கைப் பார்த்து எந்த ஊர் என்று சொல்ல முடியாது.

இனி இன்ஹெரிட்டன்ஸ். மேட்டூரில் மதகைத் திறந்தால் கல்லணைக் கால்வாயில் தண்ணீர் வருவதுபோல, தாய் கான்ட்ராக்டில் ஆதார விலையை மாற்றினால் எல்லா நிலையங்களுக்கும் பாயும் என்று நினைப்பவர்கள் உண்டு. பாயாது. கம்பைல் ஆகும்போதே தாயின் குறிமுறை பிள்ளைக்குள் நகலாகிவிடுகிறது. பிறகு இரண்டுக்கும் தொடர்பில்லை. ஆண்டுதோறும் மாறும் விலையைத் தனி கான்ட்ராக்டில் வைத்து, ஒவ்வொரு நிலையமும் அதன் முகவரியில் கேட்டு வாங்கும்படி எழுதுவதே நல்லது.

தாய்கள் பலராக இருந்தால் வரிசையும் முக்கியம். சூப்பர் என்றழைத்தால் முதலில் ஓடுவது பட்டியலில் கடைசியாக எழுதிய தாயின் ஃபங்ஷன். இடமிருந்து வலம் என்று பழகிய கண்ணுக்கு இது தலைகீழ்.

பிரைவேட் என்று குறித்தால் ரகசியம் என்பது கடைசி நம்பிக்கை. பிள்ளை கான்ட்ராக்டும் பிற கான்ட்ராக்டுகளும்தான் அதை நேரடியாகத் தொட முடியாது. பொதுச் சங்கிலியில் நோடு வைத்திருக்கும் எவரும் அந்த ஸ்டோரேஜ் இடத்தைப் படித்துவிடலாம். விவசாயியின் வங்கிக் கணக்கு எண்ணை அங்கே எழுதக் கூடாது.