பெயிண்டைச் சுரண்டும் முன்



ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் பிரான்சின் நார்மண்டிக் கடற்கரையில், 1944-இல் அங்கே வந்திறங்கிய வீரர்களைப் போலவே உடுத்திக்கொண்டு பலர் கூடுகிறார்கள். பழைய ஜீப்பு, கான்வாஸ் பை, பூட்ஸு என்று எல்லாமே அந்தக் காலத்துச் சாயலில் இருக்கும். தலையில் பெரும்பாலும் அமெரிக்க எம்1 தலைக்கவசம். நீயும் அதையே சீர்செய்து அணிய ஆசைப்படுவதால், உப்புத்தாளைக் கையில் எடுக்கும் முன் சில செய்திகள்.

எம்1 இரண்டு பாகம் கொண்டது. வெளியே எஃகுக் கூடு. உள்ளே நாடாக்கள் கோத்த இலேசான உள்கூடு. 1941-இல் அமெரிக்கப் படை இதை ஏற்றுக்கொண்டது. இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் 2 கோடிக்கும் மேற்பட்ட கூடுகளை டெட்ராய்ட்டின் மக்கார்டு, செயின்ட் லூயிஸின் ஷ்லூட்டர் ஆகிய நிறுவனங்கள் செய்து தள்ளின. எஃகோ, இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ராபர்ட் ஹாட்ஃபீல்டு 1882-இல் கண்டறிந்த மாங்கனீசு எஃகு. காந்தம் இதில் அநேகமாக ஒட்டாது. உன்னிடம் உள்ள கூட்டில் காந்தம் பச்சென்று ஒட்டிக்கொண்டால், அது வேறு நாட்டில் பின்னாளில் செய்த நகலாக இருக்கலாம்.

அடுத்து விளிம்பைப் பார். கூட்டின் ஓரத்தைச் சுற்றி மெல்லிய உலோகப் பட்டை ஓடும். அதன் இரு முனைகளும் சேரும் மூட்டு முதலில் நெற்றிப் பக்கம் இருந்தது. 1944-இன் பிற்பகுதியில் பின்னால் போனது. தாடைப்பட்டையைத் தாங்கும் கம்பி வளையங்கள் தொடக்கத்தில் அசையாமல் பற்றவைக்கப்பட்டிருந்தன. அவை அடிக்கடி உடைந்ததால் 1943-இன் கடைசியில் அசையும் வளையங்கள் வந்தன. ஆகவே, பின்மூட்டு உள்ள கூட்டை அணிந்துகொண்டு நார்மண்டியில் இறங்கிய வீரனாக நின்றால், விவரம் அறிந்தவர் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்.

போர்க்காலக் கூடுகள் பல, பிறகு புதுப் பெயிண்ட் பூசப்பட்டு வியட்நாம் வரை உழைத்தவை. எனவே மேல்பூச்சை மட்டும் வைத்து வயதைக் கணிக்காதே. நெற்றி விளிம்பின் உட்புறத்தில் பொறித்த சிறிய எண்ணைத் தேடு. மூட்டு முன்னால், எண் தெளிவாக, பழைய பூச்சும் மிச்சம் என்றால் அந்தக் கூட்டை அப்படியே விட்டுவிடு. மென்மையான துணியால் தூசைத் துடைத்து, ஈரமில்லாத இடத்தில் வைத்தால் போதும். சுரண்டிய பூச்சு திரும்பி வராது.

மாற்றியமைக்க, போருக்குப் பிந்தைய மலிவான கூடுதான் ஏற்றது. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும். உலர்ந்த நிலையில் தேய்க்காமல் நனைத்துத் தேய், முகக்கவசம் போட்டுக்கொள். போர்க்காலப் பூச்சின் சொரசொரப்புக்குக் காரணம் அரைத்த தக்கை. வெயிலில் கூடு பளபளத்து எதிரிக்குக் காட்டிக்கொடுக்காமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது. முதல் பூச்சு ஈரமாக இருக்கும்போதே நுண்ணிய தக்கைத் தூளைச் சல்லடையால் தூவி, காய்ந்ததும் ஒட்டாததைத் தட்டிவிட்டு, மங்கலான ஆலிவ் பச்சையை மெல்லியதாகப் பூசு. தூள் அதிகமானால் புட்டு மாதிரி உதிரும். கை அடக்கமாக இருக்கட்டும். தாடைப்பட்டை அன்று வளையத்தில் தைக்கப்பட்டிருந்தது. பின்னாளில்தான் கொக்கி மாட்டும் பட்டை வந்தது. அதையும் மாற்றித் தைத்துவிடு.

அடையாளக் குறிகளில்தான் மிகுந்த நேர்மை வேண்டும். 101-ஆம் வான்குடைப் படையினர் சீட்டுக்கட்டுச் சின்னங்களைக் கூட்டின் பக்கத்தில் வரைந்திருந்தார்கள்: 506-ஆம் ரெஜிமென்டுக்கு ஸ்பேடு, 502-க்கு ஆர்ட்டின். இத்தகைய சின்னம் இருந்தால் விலை பன்மடங்கு ஏறும் என்பதால் பழைய கூடுகளில் புதிதாக வரைந்து விற்போர் உண்டு. உன் கூட்டில் நீ வரைவதில் தவறில்லை. உன் கையை விட்டுப் போனபின் அது யாரையும் ஏமாற்றக் கூடாது.

இன்னொன்று, இதைப் போட்டுக்கொண்டு பைக் ஓட்டாதே. குண்டுச் சிதறலைத் தடுக்கச் செய்த கூடு இது. சாலை விபத்தின் அடியைத் தாங்க அல்ல.

வேலை முடிந்ததும், உள்கூட்டைக் கழற்றி, எஃகின் உட்புறத்தில் அழியாத மையால் இரண்டு வரி எழுதிவை: எந்த ஆண்டில் புதுப்பித்தாய், எவற்றை மாற்றினாய்.