திறப்பு விழாவுக்கு மறுநாள்

அன்புள்ள செழியா,

நீ அனுப்பிய குரல் செய்தியைக் கேட்டேன். பாதித் தூக்கத்தில் பேசியிருக்கிறாய், பின்னால் மிக்ஸி வேறு ஓடுகிறது. ஆனாலும் விஷயம் புரிந்தது. மடிப்பாக்கத்தில் உங்கள் தெருக்கோடியில் மனைப்பிரிவு போட்டபோது பொது இடமென்று விட்ட நிலத்தில் பூங்கா வேண்டும். குடியிருப்போர் சங்கத்தில் உன்னைச் செயலாளராகப் பிடித்துப் போட்டுவிட்டார்கள். மாநகராட்சியிடம் நிதி கேட்டு மனு எழுத வேண்டும். நான் கொடுத்தனுப்பிய துளசியைப் பால்கனியில் கருகவிட்ட மருமகன் ஊருக்குப் பூங்கா கேட்கப் போகிறான் என்று உன் மாமாவிடம் சொன்னேன். அவர் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார். நீ கோபப்படாதே. எனக்குச் சந்தோஷம்தான்.

மனுவின் வரைவையும் படித்தேன். செயற்கை நீரூற்று, எட்டு போட்டு நடக்க நடைபாதை, திறந்தவெளி உடற்பயிற்சிக் கருவிகள், வாசலில் சங்கத்தின் பெயரோடு கிரானைட் வளைவு. தண்ணீர் யார் விடுவார்கள் என்று ஒரு வரி இல்லையே, ராசா? காவலாளி, தோட்டக்காரர், மோட்டாரின் கரண்ட் பில், உடைந்த ஊஞ்சலுக்குச் சங்கிலி என்று எதுவுமே இல்லை. கல்யாணத்தை ஊர் மெச்ச நடத்திவிட்டு மறுநாள் அடுப்புக்கு அரிசி இல்லாமல் நிற்கிற மாதிரி இருக்கிறது.

நான் நகராட்சிக் கணக்குப் பிரிவில் உட்கார்ந்து தலை நரைத்தவள். எந்த ஊர் என்று இங்கே வேண்டாம், உனக்குத் தெரியும். அங்கே ஒரு பூங்காவை மேளதாளத்தோடு திறந்தார்கள். நீரூற்று வண்ண விளக்கில் ஆடியது. அடுத்த கோடையில் மோட்டார் எரிந்துபோனது. சரிசெய்ய எந்தத் தலைப்பில் பணம் எடுப்பது என்று கோப்பு மேசை மேசையாகச் சுற்றியது. திரும்பி வருவதற்குள் தொட்டியில் கொசு முட்டையிட்டு, அக்கம்பக்கத்தார் குப்பை கொட்டி, இருட்டிய பிறகு பெண்கள் அந்தப் பக்கமே போவதை நிறுத்திவிட்டார்கள். பிறகு, ‘யாருமே வருவதில்லை, எதற்குச் செலவு’ என்று அதே மன்றத்தில் ஒருவர் கேட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கணக்கு எழுதுகிறவள் மன்றத்தில் வாய் திறக்க முடியுமா?

இதற்குக் காரணம் கெட்ட எண்ணம் என்று மட்டும் நினைக்காதே. பணம் வருகிற வழியே அப்படி. புதிதாகக் கட்டுவது மூலதனச் செலவு. அதற்கு மத்திய, மாநிலத் திட்டங்களில் பணம் கிடைக்கும்; 2015-ல் வந்த அம்ருத் திட்டத்தில் பூங்காக்களுக்கென்றே ஒரு சிறு பங்கு இருந்தது. கல்வெட்டு வைக்கலாம், ரிப்பன் வெட்டலாம், போட்டோ வரும். பராமரிப்பு அப்படி இல்லை. சொத்து வரி மாதிரி உள்ளாட்சியின் சொந்த வருமானத்திலிருந்துதான் பெரும்பாலும் வர வேண்டும். சம்பளம், குப்பை, தெருவிளக்கு எல்லாம் எடுத்ததுபோக மிச்சமிருந்தால் மரத்துக்கு. தோட்டக்காரர் சம்பளத்துக்குக் கல்வெட்டு வைத்து நான் பார்த்ததில்லை. ஆகவே நீ கேட்க வேண்டியது கவர்ச்சியில்லாத அந்தப் பணத்தைத்தான், அதையும் வருஷாவருஷம். ‘அமைத்துத் தருக’ என்பதோடு ‘ஆண்டுதோறும் பராமரிப்புக்கு இவ்வளவு ஒதுக்குக’ என்று பிரித்துக் கேள். நீரூற்றை அடித்துவிடு. அந்தக் காசில் ஒரு கழிப்பறையும் குடிதண்ணீர்க் குழாயும் கேள், பெண்கள் உன்னை வாழ்த்துவார்கள்.

கேட்கும்போது கூனிக்குறுகி நிற்காதே. 74-வது அரசியல் சட்டத் திருத்தத்தில் சேர்ந்த பன்னிரண்டாவது அட்டவணையில், உள்ளாட்சிகளுக்கு ஒப்படைக்கக்கூடிய வேலைகளாகப் பூங்கா, தோட்டம், விளையாட்டுத் திடல் எல்லாம் சாலை, குடிதண்ணீரோடு ஒரே பட்டியலில் இருக்கின்றன. நம் மாநிலத்தில் பூங்காக்களையும் திறந்தவெளிகளையும் காக்க 1959-லேயே தனிச் சட்டம் போட்டாயிற்று. ஆனால் முதல் வேலையாக அந்த இடம் மாநகராட்சி பெயருக்குத் தானப் பத்திரமாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார். மனைப்பிரிவு போட்டவர் பத்தில் ஒரு பங்கு ஒதுக்கியதாக வரைபடத்தில் பச்சை அடித்திருப்பார், பத்திரம் பதிவாகியிருக்காது. பத்திரம் இல்லாத இடத்துக்கு எந்த அதிகாரி செலவு எழுதுவார்? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிக் கேட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும்.

நீ மனு கொடுக்கப் போகிற ரிப்பன் மாளிகை நிற்கும் இடமே ஒரு காலத்தில் பூங்கா தெரியுமா? 1859-ல் கவர்னராக வந்த சர் சார்லஸ் டிரெவெல்யன் ஜனங்களுக்கென்று உண்டாக்கிய பீப்பிள்ஸ் பார்க். நூறு ஏக்கருக்கு மேல் இருந்தது. குளங்களும் மிருகக்காட்சிசாலையும்கூட அதற்குள் இருந்தன. பிறகு விக்டோரியா பப்ளிக் ஹாலுக்குக் கொஞ்சம், மூர் மார்க்கெட்டுக்குக் கொஞ்சம், 1913-ல் திறந்த ரிப்பன் மாளிகைக்குக் கொஞ்சம், விளையாட்டரங்கத்துக்குக் கொஞ்சம் என்று போய், மை லேடீஸ் கார்டன் என்கிற துண்டுதான் மிச்சம். ஒவ்வொரு தடவையும் காரணம் நல்ல காரணமாகத்தான் இருந்தது. காலி இடம்தானே என்று எல்லோருக்கும் தோன்றும். ஷெனாய் நகர் திரு.வி.க. பூங்காவை மெட்ரோ வேலைக்காக 2011-ல் மூடினார்கள். மறுபடி திறக்கப் பத்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று. மெட்ரோ வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அதில் ஏறி ஜன்னல் ஓரம் உட்காருகிறவள்தான். ஆனால் அந்த வட்டாரத்தில் அப்போது மூன்று வயதாக இருந்த பிள்ளை, பூங்கா திரும்பி வந்தபோது மீசை முளைக்கிற பருவத்துக்கு வந்துவிட்டது.

‘ரோடே குண்டும் குழியுமாய்க் கிடக்கிறது, பூங்கா ஒரு கேடா’ என்று உங்கள் சங்கத்திலேயே ஒரு பெரியவர் கேட்பார். எல்லாச் சங்கத்திலும் அப்படி ஒருவர் உண்டு. அவரோடு சண்டை போடாதே. மழைக்காலத்தில் அவர் வீட்டு வாசலில் தண்ணீர் எதுவரைக்கும் வந்தது என்று கேள். மண்ணும் மரமும் இருக்கிற இடம் தண்ணீரைக் குடிக்கும், சிமெண்ட் குடிக்காது. அதனால்தான் மாநகராட்சியே இப்போது சில பூங்காக்களில் குளம் வெட்டி, ஸ்பாஞ்ச் பார்க் என்று மழைநீரைத் தேக்குகிறது. உங்கள் இடத்திலும் தாழ்ந்த மூலை ஒன்று இருக்கிறது என்றாயே, அதை மண் போட்டு மேடாக்க விடாதே.

உங்களுக்கு அடுத்தே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் இருக்கிறது. 2022-ல் சர்வதேச ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் ஏறியது, ஏறக்குறைய 1,250 ஹெக்டேர். அதன் விளிம்பில்தான் பெருங்குடிக் குப்பைமேடும் வளர்ந்தது. சதுப்பு நிலத்தை வனத்துறை பார்த்துக்கொள்ளும் என்று மாநகராட்சியும் மாநகராட்சி பார்க்கட்டும் என்று ஜனங்களும் இருந்தால் கதை முடிந்தது. அங்கே கேட்க வேண்டியது வேறு மாதிரிப் பணம். பூச்செடியும் பெஞ்சும் வேண்டாம், அலங்கார விளக்கு வேண்டவே வேண்டாம், பறவை மிரளும். சாக்கடையைத் திருப்பிச் சுத்திகரிக்கவும், ஆகாயத்தாமரை அகற்றவும், மண் கொட்ட வருகிற லாரியைத் தடுக்க ஆள் போடவும்தான் செலவு. செலவு செய்தது கண்ணுக்கே தெரியாது. அதனாலேயே அதைக் கேட்க ஆள் குறைவு. உன் மனுவில் அதற்கும் ஒரு பத்தி எழுது.

இனி உன் பழக்கங்கள். மார்ச்சில் பட்ஜெட் வாசிக்கிற வாரத்தில் போய்க் கூச்சல் போடுவதில் பயனில்லை, அதற்குள் எல்லாம் அச்சுக்குப் போயிருக்கும். எங்கள் அலுவலகத்தில் தீபாவளி முடிந்ததுமே ஒவ்வொரு பிரிவிலும் மதிப்பீடு கேட்டுவிடுவோம். நீ அப்போதே மண்டல அலுவலகத்தில் கொடு. வெறும் கையோடு வராதே, ஒப்புகைச் சீட்டில் சீலும் எண்ணும் வாங்கு. மூன்றாம் வகுப்பில் வீட்டுப்பாட நோட்டைப் பஸ்ஸில் விட்டவன் நீ; அந்தச் சீட்டையாவது போட்டோ எடுத்து வை. கவுன்சிலரைத் தேர்தல் இல்லாத வருஷத்திலும் போய்ப் பார். பகுதி ஜனங்கள் கூடிப் பேசும் ஏரியா சபைக்கு விதிகள் வந்து, 2022 நவம்பரில் கூட்டமும் நடக்கத் தொடங்கியது. அடுத்ததற்குப் போய்ப் பேசு, பேசியதைத் தீர்மானத்தில் எழுதினார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டு வா. முக்கியமாக, பட்ஜெட்டில் ஒதுக்கியதை மட்டும் பார்த்து லட்டு வாங்காதே. மறுவருஷப் புத்தகத்தில் திருத்திய மதிப்பீடு என்றொரு பத்தி இருக்கும். பத்து என்று அறிவித்தது அங்கே மூன்றாகச் சுருங்கியிருக்கலாம். அந்தப் பத்தியைப் படிக்கிற ஒரே ஆள் கணக்குப் பிரிவு அத்தைகள்தான், இனிமேல் நீயும்.

பூங்கா வந்த பிறகு உங்கள் சங்கம் அதற்குச் சொந்தக்காரர் ஆகிவிட வேண்டாம். காலையில் நடைப்பயிற்சி முடிந்ததும் பூட்டிவிட்டு மாலையில் திறப்பது பல இடத்தில் வழக்கமாகிவிட்டது. மத்தியானத்தில்தான் வீட்டு வேலை முடித்த பெண்களுக்கும் சாப்பாடு கொண்டுவரும் பையன்களுக்கும் நிழல் தேவை. ‘வெளியாட்களுக்கு அனுமதி இல்லை’ என்று பலகை மாட்டச் சொன்னால் முடியாது என்று சொல். காதலர்கள் உட்காருவார்களே என்று முணுமுணுப்பார்கள். உட்காரட்டுமே, உன் அப்பனும் அம்மாவும் எங்கே பேசிப் பழகினார்கள் என்று அவனிடமே கேள்.

தோட்டக்காரர் வந்ததும் பெயர் கேட்டுத் தெரிந்துகொள், மாதச் சம்பளம் ஒழுங்காக வருகிறதா என்று விசாரி. ஒப்பந்தக்காரர் மூலம் வேலை என்றால் அது இன்னும் அவசியம். எந்தக் குழாய் கசிகிறது, எந்த வேம்பு பட்டுப்போகிறது என்று அவர்தான் முதலில் சொல்லுவார்.

வரைவைத் திருத்தி ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பு. பராமரிப்புக்கு எவ்வளவு கேட்பது என்று நீயாக ஒரு தொகை போடாதே; ஆள் கூலி, தண்ணீர், கரண்ட், பழுது என்று தனித்தனியாகப் போட்டு எழுது, கூட்டலை நான் பார்த்துக்கொள்கிறேன். உன் கூட்டல் எனக்குத் தெரியும். புதுத் துளசிக் கன்று தயாராக இருக்கிறது. மாமா அடுத்த வாரம் வரும்போது கொண்டுவருவார், அவரிடம் தண்ணீர் ஊற்றுகிற நேரத்தைக் கேட்டு எழுதிக்கொள்.

அன்புடன்,
அத்தை