கார்பன் ஃபைபரை கிரைண்ட் பண்ணும்போது தண்ணியா, ஆயிலா, காத்தா?

"கிரைண்டிங்ல கூலன்ட் எதுக்கு?" மேனுஃபேக்சரிங் வைவால இந்தக் கேள்வி வந்தா நாம எல்லாரும் தூக்கத்துலகூட சொல்ற பதில் மூணு: சூட்டைக் குறைக்க, உராய்வைக் குறைக்க, சிப்பை அடிச்சுட்டுப் போக. ஸ்டீலுக்கு இந்தப் பதில் போதும். ஆனா வீலுக்கு அடியில இருக்கறது கார்பன் ஃபைபர் கம்போசிட்னா, இந்த மூணையும் தனித்தனியா பிரிச்சுப் பார்க்கணும். கூடவே நாலாவதா ஒரு கேள்வியும் கேட்கணும்: கிரைண்டிங் முடிஞ்ச அப்புறம் அந்த பார்ட்டை என்ன பண்ணப் போறோம்?

ஏன் கிரைண்ட் பண்ணணும்?

போயிங் 787 விமானத்தோட கட்டமைப்பு எடையில சுமார் 50% கம்போசிட். நம்ம தேஜஸ்லயும் சுமார் 45%. மோல்டுல இருந்து வெளிய வர்ற பேனல் அப்படியே போய் விமானத்துல உட்காராது. ஓரத்தை டிரிம் பண்ணி சரியான அளவுக்குக் கொண்டு வரணும். பறவையோ கல்லோ அடிச்சு சேதமான இடத்தை சரிவா தேய்ச்சு எடுத்து, மேல புது லேயர் ஒட்டணும். இதுக்கு ஸ்கார்ஃப் ரிப்பேர்னு பேர். இதுக்கெல்லாம் பெரும்பாலும் வைரத்துகள் பதிச்ச வீலோ சாண்டிங் டிஸ்க்கோதான் வேலை செய்யுது.

ஸ்டீல்ல இருந்து எங்க மாறுது?

ஒரு கார்பன் ஃபைபரோட விட்டம் சுமார் 7 மைக்ரான். தலைமுடியில ஏறத்தாழ பத்துல ஒரு பங்கு. இப்படி ஆயிரக்கணக்கான இழைகளை எபாக்சி பசை பிடிச்சு வெச்சிருக்கு. வீல் உரசும்போது ஸ்டீல்ல வர்ற மாதிரி சுருள் சிப் வராது. ஃபைபர் ஒடியும், எபாக்சி நொறுங்கும், மொத்தமும் கருப்புப் பொடியா வரும்.

முக்கியமான பிரச்சனை சூடு. எபாக்சியோட வெப்பக் கடத்துத்திறன் சுமார் 0.2 வாட்/மீட்டர்-கெல்வின். சாதாரண கார்பன் ஸ்டீலுக்கு அது 50 பக்கம் வரும். ஃபைபர் நீளவாக்குல ஓரளவு சூட்டைக் கடத்தும். ஆனா ஒரு லேயர்ல இருந்து அடுத்த லேயருக்குப் போகணும்னா எபாக்சியைத் தாண்டித்தான் போகணும். அதனால சூடு மேற்பரப்புலயே தேங்கிடும்.

விமானங்கள்ல பயன்படுற பல எபாக்சிகள் 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் வாக்குல கெட்டித்தன்மையை இழந்து ரப்பர் மாதிரி இளகும். அதாவது நாம பாலிமர் பாடத்துல படிச்ச கிளாஸ் டிரான்சிஷன். இளகின எபாக்சியால ஃபைபரைப் பிடிச்சு நிறுத்த முடியாது. ஃபைபர் வெட்டுப்படாம வளைஞ்சு பிய்ஞ்சு வரும், லேயர்கள் ஒண்ணை ஒண்ணு விட்டு விலகும். இதுதான் டிலாமினேஷன்.

இதுல ஒரு ஏமாத்து வேலையும் இருக்கு. இளகின எபாக்சி மேற்பரப்புல வெண்ணெய் மாதிரி பூசிக்கிட்டு பள்ளங்களை மூடிடும். பார்க்க பளபளன்னு இருக்கும். சர்ஃபேஸ் ரஃப்னஸ் ரீடிங்கும் நல்லா வரும். ஆனா அடியில சேதம் அப்படியே இருக்கும். அதனால கம்போசிட்ல ஃபினிஷ் நல்லா இருக்குங்கறதை மட்டும் வெச்சு பார்ட் நல்லா இருக்குன்னு சொல்லிட முடியாது.

ஒரு சின்னக் கணக்கு

200 மி.மீ. விட்டமுள்ள வீல், 3000 ஆர்பிஎம். விளிம்பு வேகம் நொடிக்கு 31.4 மீட்டர். தொடுகோட்டு விசை 20 நியூட்டன்னு வெச்சுக்குவோம். ரெண்டையும் பெருக்கினா 628 வாட். இது கிட்டத்தட்ட முழுசும் சூடா மாறும். தண்ணியை ஆவியாக்கி மட்டுமே இந்தச் சூட்டை எடுக்கணும்னா, மணிக்கு ஏறத்தாழ 1 லிட்டர் தண்ணி ஆவியாகணும். இந்த எண்ணை ஞாபகம் வெச்சுக்கங்க, கீழே தேவைப்படும்.

வழிகள் என்னென்ன?

டிரை: எதுவும் ஊத்தாம, வேக்குவம் மட்டும் வெச்சு பொடியை உறிஞ்சறது. பார்ட் சுத்தமா இருக்கும். ஆனா சூடு ஏறும், இளகின எபாக்சியும் பொடியும் சேர்ந்து வீலோட இடுக்குகளை அடைச்சிடும். அடைபட்ட வீல் வெட்டாது, தேய்க்க மட்டும்தான் செய்யும். இன்னும் சூடு ஏறும். வெட்டு ஆழத்தைக் குறைச்சு மெதுவாப் போனா சமாளிக்கலாம்.

ஃபிளட்: நிமிஷத்துக்குப் பல லிட்டர் கூலன்ட்டைக் கொட்டறது. சூட்டை நல்லா எடுக்கும், பொடியையும் பறக்க விடாது. ஆனா வேகமா சுத்தற வீலைச் சுத்தி ஒரு காத்துப் படலம் கூடவே சுத்தும். மெதுவா வர்ற கூலன்ட்டை அது வெளியே தள்ளிடும். அதை உடைக்க ஜெட்டோட வேகம் வீலோட வேகத்துக்குப் பக்கத்துல இருக்கணும். அழுத்தம் = ½ × அடர்த்தி × வேகத்தின் வர்க்கம். நம்ம 31.4 மீட்டருக்கு இது சுமார் 5 பார். குழாய்ல சும்மா ஒழுகற கூலன்ட் வீலை நனைக்கும், ஆனா வெட்டு நடக்கற இடத்துக்கு சரியாப் போய்ச் சேராது.

ஃபிளட்டுக்கு வேற சிக்கல்களும் உண்டு. எபாக்சி ஈரத்தை உறிஞ்சும். உறிஞ்சினா அது இளகற வெப்பநிலை குறையும். கார்பனும் அலுமினியமும் சேர்ந்த அடுக்கா இருந்தா, நடுவுல தங்கற தண்ணி கால்வனிக் அரிப்பை ஆரம்பிச்சு வைக்கும். அரிபடறது அலுமினியம்தான்.

எம்க்யூஎல்: மணிக்கு 10 முதல் 100 மில்லி வரை தாவர எண்ணெயையோ எஸ்டரையோ அழுத்தக் காத்தோட கலந்து பனி மாதிரி தெளிக்கறது. ஃபிளட்ல நிமிஷத்துக்கு 10 லிட்டர், இதுல மணிக்கு 50 மில்லின்னா வித்தியாசம் 12,000 மடங்கு. இப்போ மேல போட்ட கணக்கைப் பாருங்க. 628 வாட்டை இந்த 50 மில்லியால அள்ளிட்டுப் போக முடியவே முடியாது. அப்புறம் எப்படி வேலை செய்யுது? வந்த சூட்டை எடுக்கறது இதோட வேலை இல்ல. உராய்வைக் குறைச்சு, சூடு உருவாகறதையே குறைக்குது. கூலிங் வேற, லூப்ரிகேஷன் வேறங்கறது இங்கதான் நல்லாப் புரியும்.

கிரையோ: மைனஸ் 196 டிகிரியில இருக்கற திரவ நைட்ரஜனைப் பாய்ச்சறது. எபாக்சி இளகாது, மிச்சம் எதுவும் ஒட்டாது, நைட்ரஜன் ஆவியாகிப் போயிடும். ஆனா ரொம்பக் குளிர்ந்தா எபாக்சி ஈஸியா விரிசல் விடும். 1 லிட்டர் திரவம் சுமார் 700 லிட்டர் வாயுவா மாறும். மூடின ரூம்ல அது ஆக்சிஜனை விரட்டிடும், மூச்சே நின்னுடலாம்.

வீலுக்குள்ளிருந்து: துளை உள்ள வீலோட நடுவுல கூலன்ட்டை விட்டு, மையவிலக்கு விசையால வெட்டு நடக்கற இடத்துக்கே தள்ளறது. காத்துப் படலத்தோட சண்டையே இல்ல, உள்ளேயிருந்து வர்ற திரவம் இடுக்குல அடைஞ்ச பொடியையும் வெளியே தள்ளும். ஜப்பான்ல கார்பன் ஃபைபர் கம்போசிட்லயே இதைச் சோதிச்சிருக்காங்க. ஆனா ஸ்பிண்டிலும் வீலும் இதுக்குன்னே செஞ்சதா இருக்கணும்.

நாலாவது கேள்வி

இதுல எது பெஸ்ட்? கிரைண்டிங்கை மட்டும் பார்த்தா பதில் கிடைக்காது, அடுத்த ஸ்டெப்பைப் பார்க்கணும்.

அடுத்து அங்க பசை போட்டு ஒட்டணும்னா எண்ணெய் பக்கமே போகக்கூடாது. எம்க்யூஎல் விட்டுட்டுப் போற மெல்லிய படலமும் ஒட்டைக் கெடுக்கும், அதுலயும் சிலிக்கோன் இருந்தா ரொம்ப மோசம். அதனாலதான் ஸ்கார்ஃப் ரிப்பேரை பொதுவா டிரையா, வேக்குவத்தோட, பொறுமையா பண்றாங்க. அப்புறம் கரைப்பான்ல துடைச்சு, மேல தண்ணி விட்டுப் பார்ப்பாங்க. தண்ணி ஒரே படலமா நின்னா பரப்பு சுத்தம். முத்து முத்தா பிரிஞ்சா அழுக்கு இருக்கு, திரும்பத் துடைக்கணும்.

ஓரத்தை டிரிம் பண்ணி போல்ட் போட்டு மாட்டற பார்ட்டுன்னா ஃபிளட்டோ எம்க்யூஎல்லோ தாராளமாப் போகலாம். ஃபிளட் போட்டா வெட்டின ஓரத்தை உலர்த்தி சீல் பண்ணணும், பொடியை ஃபில்டர் பண்ணி எடுக்கணும். இல்லன்னா கூலன்ட்ல கலந்த பொடி பம்பையும் ஸ்லைடையும் தேய்ச்சிடும்.

நம்ம லேபுக்கு வருவோம்

ரேஸ் கார் டீம், ட்ரோன் டீம்னு நம்ம மாதிரி காலேஜ்கள்லயும் கார்பன் ஃபைபர் வந்தாச்சு. ஆங்கிள் கிரைண்டரை எடுத்து வராண்டாவுல வெச்சு வெட்டறதும் நடக்குது. கிரைண்ட் ஆகும்போது 7 மைக்ரானைவிடச் சின்னத் துகளும் பறக்கும், அது நுரையீரலோட ஆழம் வரைக்கும் போகலாம். முகத்துல கர்ச்சீஃப் கட்டினா இது நிக்காது. குறைஞ்சது என்-95 மாஸ்க், கண்ணாடி, முழுக்கை சட்டை, வெட்டற இடத்துக்குப் பக்கத்துலயே ஹெப்பா ஃபில்டர் உள்ள வேக்குவம் வேணும். இந்தப் பொடி மின்சாரத்தைக் கடத்தும், அதனால ஓப்பனா இருக்கற எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், லேப்டாப், மோட்டார் கன்ட்ரோலர் எதுவும் பக்கத்துல இருக்கக் கூடாது.

சின்ன பீஸை ஹேண்ட் சாண்டிங் பண்றதா இருந்தா, வாட்டர் பேப்பரை நனைச்சுத் தேய்க்கறதே பாதி தூசியை அடக்கிடும். தேய்ச்ச தண்ணியை சிங்க்ல ஊத்தாதீங்க, துணியில வடிகட்டி பொடியைத் தனியா எடுங்க. ஒட்ட வேண்டிய பரப்பா இருந்தா, முழுசா காய வெச்சு, துடைச்சு, அந்தத் தண்ணி டெஸ்ட்டைப் பண்ணிட்டு அப்புறம் எபாக்சியைக் கலக்குங்க.