துருப்பிடித்த குழாயைக் கழற்றுவது எப்படி?

கடையின் முன்பக்கத்தை நாம் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக் கொள்கிறோம். பின்பக்கத்துக் குளியலறைக் குழாயை அது ஒழுகும்வரை திரும்பிப் பார்ப்பதில்லை. நொடிக்கு ஒரு சொட்டு. இருபது சொட்டு ஒரு மில்லி லிட்டர் என்று கணக்கிட்டால் ஒரு நாளில் 4 லிட்டருக்கு மேல் வீணாகிறது. அந்த ஈரம் கிடங்குச் சுவரில் ஏறினால் சரக்குக்கும் கேடு.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சனிக்கிழமை இரவு, கடை அடைக்கும் நேரத்தில், ஒழுகிய குழாயை நாமே கழற்ற முனைந்தோம். பைப் ரிஞ்சைப் போட்டு ஒரே மூச்சில் திருகினோம். குழாய் கையோடு வந்தது. அதன் மரைப் பகுதி சுவருக்குள்ளேயே முறிந்து நின்றது. தண்ணீர் பீறிட்டது. மாடித் தொட்டி வால்வை மூட ஓடினால் அதுவும் துருவேறிச் சுற்ற மறுத்தது. தொட்டி காலியாவதற்குள் தரையில் அடுக்கியிருந்த இரண்டு சர்க்கரை மூட்டைகள் கரைந்தன. பழைய குழாயின் விலையை விடப் பல மடங்கு நட்டம். அந்த அனுபவத்தில் கற்றதை இங்கே தருகிறோம்.

ஏன் இறுகுகிறது?

இரும்பு துருவாக மாறும்போது முன்பை விட அதிக இடத்தை அடைத்துக் கொள்கிறது. மரைகளுக்கு இடையே அந்தத் துரு ஆப்பு வைத்தது போல இறுகிவிடும். ஜி.ஐ. பைப்பில் பித்தளைக் குழாயை மாட்டினால், ஈரத்தில் இரண்டு உலோகங்களும் சேரும் இடத்தில் முதலில் துத்தநாகப் பூச்சும் பிறகு இரும்பும் அரிக்கப்படும். உப்புத் தண்ணீர் ஊர்களில் சுண்ணாம்புப் படிவும் சேர்ந்து கொள்கிறது.

கழற்றும் முறை

1. முதலில் தொட்டி வால்வை மூடிப் பார்க்க வேண்டும். அது நன்றாக மூடுகிறது என்று உறுதியான பிறகே குழாயில் கை வைக்க வேண்டும். பிறகு தாழ்வான குழாயைத் திறந்து பைப்பில் உள்ள நீரை வடித்துவிட வேண்டும். ஹார்டுவேர் கடைகள் திறந்திருக்கும் காலை நேரமே இவ்வேலைக்கு ஏற்றது.

2. மரை தொடங்கும் இடத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, துரு நீக்கும் எண்ணெயை விட வேண்டும். மண்ணெண்ணெய் இருந்தால் அதுவும் உதவும். அரைமணி நேரம் போதாது. இரவு முழுவதும் ஊறட்டும். இடையில் இரண்டு மூன்று முறை மீண்டும் விடலாம். வெள்ளைச் சுண்ணாம்புப் படிவாக இருந்தால் வினிகரில் நனைத்த துணியைச் சுற்றி ஒரு மணி நேரம் வைத்துக் கழுவலாம்.

3. சுத்தியலால் மெதுவாகச் சுற்றிலும் தட்டினால் துரு விரிசல் விட்டு எண்ணெய் உள்ளே இறங்கும். ஓங்கி அடித்தால் ஓடு உடையும்.

4. இரண்டு ரிஞ்சுகள் வேண்டும். ஒன்றால் பைப்பை அசையாமல் பிடித்து, மற்றொன்றால் குழாயை இடப்புறம் திருப்ப வேண்டும். ஒரே ரிஞ்சால் திருகினால் சுவருக்குள் இருக்கும் எல்போவும் சேர்ந்து சுற்றும். அசையவில்லை என்றால் முதலில் இறுக்கும் பக்கம் இம்மியளவு திருப்பி, பிறகு தளர்த்த வேண்டும். இப்படி முன்னும் பின்னுமாக ஆட்டுவதுதான் இதில் உள்ள சூட்சுமம்.

5. வெளியே இருக்கும் நட்டு அல்லது சாக்கெட்டின் மேல் மட்டும் கொதிநீரில் நனைத்த துணியைச் சுற்றலாம். வெளிப்பாகம் முதலில் சூடாகி விரிவதால் பிடி தளரும். ஆனால் இரும்புக்குள் பித்தளைக் குழாய் செருகியிருந்தால் குழாயைச் சூடாக்கக் கூடாது. ஒரே சூட்டில் பித்தளை இரும்பை விட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விரியும், இன்னும் இறுகிவிடும்.

6. மரை உள்ளே முறிந்துவிட்டால், முறிந்த துண்டை மட்டும் இரும்பு அறுக்கும் வாள் அலகால் உட்புறமாகக் கவனமாக அறுத்து, உள்ளே மடக்கி எடுக்கலாம். எல்போவின் மரையைத் தொட்டால் சுவரை உடைக்க வேண்டி வரும். கண்ணுக்குக் கண்ணாடி அவசியம்.

கூடவே கூடாதவை

எண்ணெய் ஊறிய இடத்தில் தீயைக் காட்டக் கூடாது. பிளாஸ்டிக் பைப்புக்குத் தீயும் கொதிநீரும் ஆகாது. ரிஞ்சைப் போட்டு முறுக்கினாலும் விரிசல் விடும். மிக முக்கியமானது ஒன்று: துரு போக்க ஆசிட்டை ஊற்றி, அதே இடத்தில் பிளீச்சிங் பவுடரையும் தூவிவிடக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். காற்றோட்டமில்லாத சின்ன அறையில் அது உயிருக்கே ஆபத்து. இரண்டையும் நம் கடையில் விற்கிறோம். வாங்கிச் செல்பவரிடமும் இதை ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நம் கடமை.

மீண்டும் மாட்டும்போது

பழைய நூலையும் துருவையும் சுரண்டி எடுத்துவிட்டு, புதிய மரையில் டெஃப்லான் டேப்பை இறுக்கும் திசையிலேயே பத்துப் பன்னிரண்டு சுற்றுச் சுற்ற வேண்டும். கையால் திருகி, கடைசியில் மட்டும் ரிஞ்சால் இறுக்க வேண்டும். தொட்டி வால்வை மாதம் ஒருமுறை மூடித் திறந்து வந்தால் அது இறுகாது. மூட்டைகளைத் தரையில் அடுக்காமல் மரக்கட்டைச் சட்டத்தின் மேல் அடுக்க வேண்டும்.

பைப்பே சுவருக்குள் சுற்றினாலோ, தட்டும்போது பைப் பொரிந்து உதிர்ந்தாலோ அங்கேயே நிறுத்திவிட்டு பிளம்பரை அழைப்பதே புத்திசாலித்தனம். அவருடைய ஒரு நாள் கூலியை மிச்சம் பிடிக்கப் போய்த்தான் நாம் இரண்டு மூட்டைச் சர்க்கரையை இழந்தோம். பிறருக்கு அப்படி நேர வேண்டாம்.