மரம் தந்த வாழ்வு

ஒரு நாட்டிற்கு ஆறும் காடும் பெருஞ்செல்வங்களாகும். அவை ஒருங்கே அமைந்த இடத்தில் மக்கள் விரைவிற் செல்வராவர். வரம்பு கடந்து நுகர்வாராயின் விரைவில் அச்செல்வத்தை இழப்பர். இவ்வுண்மையை அமெரிக்காவிலுள்ள லைக்காமிங் மாவட்டத்தின் வரலாறு தெளிவுறக் காட்டுகிறது.

பென்சில்வேனியா மாநிலத்தின் வடபகுதியில், சஸ்குவெஹன்னா ஆற்றின் மேற்குக் கிளை மலைகளினூடே பாய்கிறது. அப்பகுதியில் 1795-ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்றதே இம்மாவட்டம். வில்லியம்ஸ்போர்ட் இதன் தலைநகர். அக்காலத்தில் சுற்றியிருந்த மலைகளில் வெண்பைன் மரங்களும் ஹெம்லாக் மரங்களும் செறிந்து வளர்ந்திருந்தன. வெண்பைன் நெடிது ஓங்கி நேராக வளர்வது, அறுப்பதற்கு எளியது. ஆதலின் கப்பலுக்குப் பாய்மரமாகவும் வீட்டிற்குப் பலகையாகவும் பயன்பட்டது. ஹெம்லாக்கின் பட்டை தோல் பதனிட உதவியது.

குளிர்காலத்தில் மரங்களை வெட்டி, உறைபனியின் மேல் இழுத்துச் சென்று, ஓடைக் கரைகளிற் குவிப்பர். இளவேனிலில் பனி உருகி நீர் பெருகும்போது, கட்டைகளை ஓடையில் உருட்டிவிடுவர். அவை மிதந்து சென்று பேராற்றை அடையும். கட்டையின் முனையில் உரியவரின் முத்திரை பொறிக்கப்பட்டிருக்கும்.

மிதந்து வரும் கட்டைகளைத் தடுத்து நிறுத்த வேண்டுமன்றோ? அதற்கென ஒரு தடுப்பு அமைக்க 1846-ஆம் ஆண்டில் அரசு உரிமை வழங்கியது. ஆற்றிடையே மரக்கூடுகள் கட்டி, அவற்றுள் கற்களை நிரப்பினர். கூடுகளுக்கிடையே மிதக்கும் மரங்களைச் சங்கிலிபோற் பிணைத்தனர். இத்தடுப்பு ஏறத்தாழ 7 மைல் நீண்டிருந்தது. இங்கே கட்டைகளை முத்திரை நோக்கிப் பிரித்து, அறுப்பாலைகளுக்கு அனுப்பினர். 1873-ஆம் ஆண்டில் 15 இலட்சத்துக்கும் மேற்பட்ட கட்டைகள் வந்து சேர்ந்தன.

ஆலை முதலாளிகள் பெருஞ்செல்வராயினர். அவர்தம் மாளிகைகள் நிறைந்த தெரு 'கோடீசுவரர் வரிசை' எனப் பெயர் பெற்றது. உழைத்தோர் நிலையோ வேறு. நாளொன்றுக்குப் பத்து மணி நேரமே வேலை வேண்டுமென்று அவர்கள் 1872-ஆம் ஆண்டில் வேலைநிறுத்தம் செய்தனர். ஆளுநர் படையை அனுப்பினார், கிளர்ச்சி அடங்கியது.

1889-ஆம் ஆண்டு மே மாத இறுதியிற் பெய்த பெருமழையால் தடுப்பு உடைந்தது. எண்ணிறந்த கட்டைகளை வெள்ளம் வாரிக்கொண்டு போயிற்று. அதே மழையால் ஜான்ஸ்டவுன் நகருக்கு மேலிருந்த அணை உடைந்து 2,200-க்கு மேற்பட்டோர் மாண்டனர். 1894-ஆம் ஆண்டிலும் வெள்ளம் வந்தது. ஆயினும் தொழிலை அழித்தது வெள்ளமன்று. வெட்டுவதற்கு மரம் இல்லாமற் போனதே. 1909-ஆம் ஆண்டில் தடுப்பு வேலை ஓய்ந்தது. மொட்டையான மலைகளிற் காய்ந்து கிடந்த கிளைகளைத் தீப் பற்றியது. வளமான மண்ணை மழை அரித்தது.

இந்நிலை கண்டு வருந்தியவருள் ஒருவர் ஜோசப் ராத்ராக். மருத்துவரும் தாவர நூல் வல்லுநருமான இவர், 1895-ஆம் ஆண்டில் மாநிலத்தின் முதல் வனத்துறை ஆணையரானார். வெட்டிக் கைவிடப்பட்ட நிலங்களை அரசே வாங்கிக் காக்க 1897-ஆம் ஆண்டில் சட்டம் இயற்றப்பட்டது. தீத்தடுப்பும் மரநடவும் தொடர்ந்தன. இன்று அம்மலைகள் மீண்டும் பசுமை போர்த்து நிற்கின்றன.

நூறாண்டு வளர்ந்த மரம் ஒரு நாளில் வீழும். மீண்டும் வளர நூறாண்டு வேண்டும். ஆதலின் வெட்டுவோர், வருங்காலத்தாரையும் எண்ணி வெட்டுதலே அறமாகும்.