வெள்ளித்திரையும் தூரிகையும்

"சினிமா பார்த்தால் படிப்புக் கெட்டுப்போகும்" என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அதில் உண்மையும் உண்டு. ஆனால் ஒரே படத்தை அறுபது தடவைக்கு மேல் பார்த்ததாகப் பத்திரிகைகள் எழுதிய ஒருவர், அதனால் கெட்டுப்போகாமல், ஓவியங்களைப் படைத்தார் என்று அறிந்தபோது வியந்தோம். அவர்தாம் ஓவியர் எம். எஃப். ஹுசேன்.

இவர் 1915-ஆம் ஆண்டு பண்டரிபுரத்தில் பிறந்தார். இளமையில் பம்பாயில் சினிமா விளம்பரப் பலகைகள் வரைந்து பிழைத்தார். பின்னர் உலகப் புகழ் அடைந்து, 1991-இல் பத்ம விபூஷண் விருது பெற்றார். 2011-இல் லண்டனில் காலமானார்.

1994-இல் சூரஜ் பர்ஜாத்யாவின் 'ஹம் ஆப்கே ஹைன் கௌன்' என்னும் இந்திப் படம் வெளிவந்தது. அதில் வில்லன் இல்லை. கல்யாணம், வளைகாப்பு போன்ற வீட்டு விசேஷங்களும் பதினான்கு பாட்டுகளும் நிறைந்த படம். இடையில் ஒரு துயரம் நேர்ந்தாலும் முடிவில் மகிழ்ச்சியே. இப்படத்தில் மாதுரி தீட்சித்தின் நடனத்தைக் கண்ட ஹுசேன், அவரை வைத்து ஓவிய வரிசையே தீட்டினார். எண்பதை நெருங்கும் வயதில் இது என்ன பித்து என்று கேலி பேசியவர்களும் உண்டு.

அப்படத்திலிருந்து அவர் எடுத்துக்கொண்டது எதை? கதையை அன்று, நடையையும் அசைவையுமே. 2000-ஆம் ஆண்டில் மாதுரியை வைத்து அவரே இயக்கிய படத்திற்குக் 'கஜகாமினி' என்று பெயரிட்டார். யானைபோல் நடப்பவள் என்பது பொருள். நம் தமிழ்ப் புலவர்கள் 'பிடிநடை' என்றார்களே, அதுதான்! திரைப்படம் ஓடும், ஓவியம் ஓடாது. ஓடும் அசைவை ஒரு கோட்டில் நிறுத்த வேண்டுமானால் ஒரு தடவை பார்த்தால் போதுமா?

இதற்கு முன்பே அன்னை தெரசாவையும் அவர் பல ஓவியங்களில் வரைந்திருந்தார். அவற்றில் முகமே இராது. நீலக்கரையிட்ட வெள்ளைச் சேலையின் மடிப்புகளும், குழந்தையைத் தாங்கும் கைகளுமே இருக்கும். ஆயினும் அன்னை என்று எவரும் சொல்லிவிடுவர். ஹுசேன் கைக்குழந்தையாய் இருந்தபோதே தாயை இழந்தவர். தாயின் முகம் அவருக்கு நினைவில்லை. இதைப் படித்தபோது எங்கள் மனம் கனத்தது.

ஆண்டு விழாவுக்காகச் சிறிய வகுப்புத் தங்கைகள் கோலாட்டம் பழகியபோது, நாங்களும் வரைந்து பார்த்தோம். முதல் நாள் கண், மூக்கு, பொட்டு எல்லாம் வரைந்தோம். ஆட்டம் மட்டும் வரவில்லை. மூன்று நாள்கள் கையில் பென்சில் எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தோம். நான்காம் நாள் குனியும் முதுகையும் வீசும் கையையும் மட்டும் வரைந்தோம். "இது என் பாவாடைதானே அக்கா!" என்று ஒரு தங்கை ஓடிவந்தாள். அதுவே எங்களுக்குக் கிடைத்த பரிசு!

எங்கள் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் சுவாமியின் பெயர் பால்வண்ணநாதர். அம்மன் பெயர் ஒப்பனையம்மாள். வண்ணமும் ஒப்பனையும் பெயரிலேயே உள்ள ஊரில் வாழும் நமக்குப் பார்ப்பதற்குப் பஞ்சமா?

ஆகவே, அன்புச் சகோதரிகளே! படம் பார்ப்பது குற்றமன்று; பார்த்ததை அங்கேயே விட்டுவிட்டு வருவதுதான் வீண். மகிழ்ச்சியான ஒரு பாட்டைக் கண்டால், அதில் ஓர் அசைவையாவது மனத்தில் கொண்டு வீடு திரும்புவோம். மறுநாள் அது நம் நோட்டில் ஒரு கோடாக மலரட்டும்!