நீரில் மறைந்த நஞ்சு

ஆனித் திங்களில் தென்மேல் பருவக்காற்று வீசத் தொடங்கியதும் குற்றால மலையிற் சாரல் தூறும். முகடுகளிற் பெய்த மழை சிற்றாறாகப் பெருகிப் பேரருவியாய் வீழ்ந்து, தென்காசியைக் கடந்து, சீவலப்பேரிக்கு அருகில் பொருநையோடு கலக்கின்றது. நிலத்தின்மேல் விரைந்தோடும் அந்நீரிற் கரைந்துள்ள உப்புக்கள் குறைவு. அதில் நோய்க்கிருமிகள் இருத்தல் கூடும்; அது வேறு செய்தி. அம்மழையின் மற்றொரு பகுதியோ மண்ணுட் புகுந்து, பாறை வெடிப்புக்களில் நெடுங்காலம் தங்கி, கிணறுகளில் ஊறுகின்றது. அருவிநீரும் கிணற்றுநீரும் ஒரே மேகம் பெற்ற மக்களாயினும், வளர்ந்த இடத்தால் குணம் வேறுபடுகின்றன.

இங்ஙனம் நிலத்திலிருந்து நீரிற் சேர்வனவற்றுள் மிகக் கொடியது ஆர்சனிக் என்னும் தனிமம். பெயர் அயலதாயினும் பொருள் நமக்குப் புதியதன்று. முற்காலத்தில் நாடகக் கலைஞர் முகத்திற் பூசிய மஞ்சள் நிற அரிதாரம், இத்தனிமம் கந்தகத்தோடு கூடிய கனிமமே. சித்த மருத்துவர் வெள்ளைப் பாடாணம் என வழங்குவதும் இதன் கூட்டுப்பொருளே. நடிகரைக் குறித்து ‘அரிதாரம் பூசினார்’ என்று இன்றும் கூறுகின்றோம். பூசியது நஞ்சென்பதை அச்சொல் மறந்துவிட்டது.

வங்க நாட்டிற்கு நேர்ந்ததை இனிக் காண்போம். அங்கே சிற்றூர் மக்கள் குளத்துநீரைப் பருகி, வாந்திபேதி முதலிய நோய்களால் மாண்டனர். குழந்தைகள் இறந்தது மிகுதி. அக்கேட்டினைத் தடுக்கும் நன்னோக்கத்தோடு, 1970ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் யுனிசெஃப் முதலிய அமைப்புக்களின் துணைகொண்டு எண்ணற்ற குழாய்க்கிணறுகள் தோண்டப்பட்டன. பளிங்கு போன்ற நீர் கிடைத்தது. அதில் ஆர்சனிக் உளதா என்று சோதிக்கும் வழக்கம் அந்நாளில் இல்லை. 1983ஆம் ஆண்டில் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியைச் சார்ந்த தோல்நோய் மருத்துவர் கே. சி. சாகா என்பார், உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்து, மேனியிற் கரும்புள்ளிகள் தோன்றிய சிற்றூரார் சிலரை ஆராய்ந்து, அவர்தம் கிணற்றுநீரே காரணமென்று கண்டார். பத்தாண்டு கழித்து, 1993இல், வங்கதேசத்திலும் அந்நஞ்சு கண்டறியப்பட்டது.

எந்த ஆலையும் அதனைக் கொட்டவில்லை. எந்தப் பகைவனும் கலக்கவில்லை. இமயத்திலிருந்து ஆறுகள் கொணர்ந்த வண்டலில், இரும்புத் துருவோடு ஒட்டி அது உறங்கிக் கிடந்தது. மண்ணுட் புதைந்த இலைதழைகள் மட்கும்போது அங்குள்ள பிராணவாயு தீர்ந்துபோகின்றது. அந்நிலையில் நுண்ணுயிர்களின் செயலால் துரு கரைகின்றது. பிடி தளர்ந்த ஆர்சனிக்கும் நீரிற் கலந்துவிடுகின்றது.

அதற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. நீரைக் காய்ச்சினால் கிருமி சாகும். இந்நஞ்சோ நீர் சுண்டச் சுண்டச் செறியும். நூறு லிட்டர் நீரில் ஒரு மில்லிகிராமிற்கு மேல் ஆர்சனிக் இருத்தலாகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரையறை. அதனை மிக்க நீரைப் பல ஆண்டுகள் பருகியோர்க்குத் தோலிலும் நுரையீரலிலும் சிறுநீர்ப்பையிலும் புற்றுநோய் தோன்றுதல் உண்டு. இது தொற்றுநோயன்று. ஆயினும் தொழுநோயென மயங்கி அயலார் ஒதுக்கியதால், நோயுற்ற பெண்கள் பலர் மணமின்றி வாடினர். நோயினும் இக்கொடுமை பெரிதென்றே யான் கருதுகின்றேன். பின்னர் வங்கதேசத்திற் கிணறுகளைச் சோதித்து, தீயவற்றின் குழாய்க்குச் சிவப்பும் நல்லவற்றிற்குப் பச்சையும் தீட்டினர். சிவப்புக் குழாயின் நீரில் துணி துவைக்கலாம். குடிக்கவும் சமைக்கவும் ஆகாது.

தமிழ்நாட்டின் பெரும்பகுதி கடும்பாறை நிலம். இங்கு நிலத்தடி நீரால் மக்களை மிகுதியும் வருத்துவது புளூரைடு என்னும் பிறிதொரு பொருள். அஃது ஒரு லிட்டரில் ஒன்றரை மில்லிகிராமை மிகுமாயின் பற்களிற் பழுப்புக் கறை படியும். மேலும் மிகுந்தால் எலும்புகள் வளைந்து, மூட்டுக்கள் இறுகும். அந்நாளைச் சென்னை மாகாணத்தில் இந்நோய் உள்ளதை ஷார்ட் முதலிய மருத்துவர்கள் 1937ஆம் ஆண்டிலேயே எழுதி வெளியிட்டனர். தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டத்து மக்களின் பொருட்டு ஒகேனக்கல்லிலிருந்து காவிரிநீரைக் கொணரும் திட்டம் தொடங்கப்பெற்றது 2013இல். காவிரியும் நம் அருவியைப்போல நிலத்தின்மேல் ஓடிவருவது. அதில் புளூரைடு குறைவு. புதிதாய்ப் பிறக்கும் குழந்தைகளின் பற்களை அந்நீர் காக்கும். முன்னரே வளைந்த எலும்பை அது நிமிர்த்துவதில்லை.